கைப்பிடி

நாற்பது சிவப்பு நாற்காலி, இருபத்தேழு பேர்.
மீதியில் பைகள், ஒரு குடை,
வாய் திறந்து தூங்கும் யாரோ வீட்டுப் பையன்.
புளோக் 418, கீழ்த்தளம், இரவு ஏழரை.
மின்தூக்கி திறக்கும்போதெல்லாம்
பேசுகிறவர் நிறுத்திக்கொள்கிறார்.

நகர மன்றத்திலிருந்து மூன்று பேர்,
மூவருக்கும் ஒரே நீலச் சட்டை.
கை உயரும் இடத்துக்கு மைக்கோடு ஓடுவது என் வேலை.
தமிழில் பேசினால்
ஆங்கிலத்தில் சொல்வதும் நான்தான்.
சம்பளம் கிடையாது, கறிபஃப் உண்டு.

ரோஸ்னாவுக்கு மைனாக்கள் மேல் வருத்தம்.
மரத்தை வெட்டாதீர்கள்,
அதுகளோடு மட்டும் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்றார்.
ஒரு நீலச் சட்டை அதையும் எழுதிக்கொண்டது.
குவெக்கின் சன்னலில் மேல்வீட்டு ஈரத்துணி சொட்டுகிறதாம்.
எந்த மேல்வீடு என்று எல்லோருக்கும் தெரியும்.
அந்த வீட்டுக்காரர் நான்காம் வரிசையில்
கூட்ட அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பெஞ்சு.

இரண்டாம் மாடி திரு லோ
கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார், பார்க்கவில்லை.
என் சன்னலுக்கு நேர் கீழே அந்தப் பெஞ்சு.
மத்தியானமானால் யாராவது நீட்டிப் படுக்கிறார்கள்.
குறட்டை என் வீட்டுக்குள் வருகிறது.
நான் இரவு வேலைக்காரன், பகலில்தான் தூக்கம்.
எடுத்துவிடுங்கள்.

"எடுக்கக் கூடாது" என்று தமிழ் கேட்டது,
நான் மைக்கோடு போய்ச் சேர்வதற்குள்.
மங்களேஸ்வரி. மார்ச்சில் மூட்டு மாற்றியவர்.
"சந்தையிலேருந்து வர்றப்ப அதான் தம்பி எனக்குப் பாதி வழி.
உக்காந்துடுவேன். எந்திரிக்கத்தான்
புடிச்சுக்க ஒண்ணுமில்ல."
இளைப்பாறும் இடம் என்று நான் மொழிபெயர்த்தேன்.
பாதி வழி என் கையிலேயே நின்றுவிட்டது.

மைக் இங்குமங்கும் நான்கு முறை போய் வந்தது.
நடு நீலச் சட்டை பேனாவை மூடி வைத்தார்.
பெஞ்சு இருக்கட்டும்.
நடுவில் ஓர் இரும்புக் கைப்பிடி.
பிடித்து எழலாம், படுக்க முடியாது.

லோ சிரித்தார். மங்களேஸ்வரி சிரித்தார்.
மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.
நானும் கைதட்டப் போனேன்,
கையில் மைக் இருந்தது மறந்துபோய்.
கீழ்த்தளம் முழுக்க இடி விழுந்தது.
பையன் விழித்துக்கொண்டான்.

"இன்னும் யாராவது?"

தூணுக்குப் பின்னால் சின்னராசு நின்றிருந்தான்.
ஆறு மணிக்கு நாற்காலிகளை விரித்தவன்,
முடிந்தால் மடக்க வேண்டியவன்.
ஊர் அறந்தாங்கிப் பக்கம்.
லோ சொன்ன 'யாராவது' அவன்தான்.
பன்னிரண்டரையிலிருந்து ஒன்றுவரை,
நெஞ்சின் மேல் கைபேசி, காலடியில் துடைப்பம்.
எனக்குத் தெரியும். மங்களேஸ்வரிக்கும் தெரியும்,
அவன் எழுந்து இடம் விட்டிருக்கிறான்.
பேசினால் தமிழில்தான் பேசுவான்.
அப்படியே சொல்லியிருப்பேன், ஒரு சொல் விடாமல்.

அவன் கை உயர்ந்தது.
இரண்டு எட்டு வைத்துவிட்டேன்.
அவன் தொட்டது மின்விசிறிச் சுவிட்ச்.
எங்கள் கடைசி வரிசைக்குக் காற்று கூடியது.

குடியிருப்பாளர் கூட்டம்.
அவன் குடியிருப்பது துவாஸில், ஓர் அறையில் பன்னிரண்டு பேர்.

மூன்று வாரத்தில் வந்தது,
சாம்பல் நிறம், நான்கு திருகு.
மங்களேஸ்வரி என்னைப் பார்க்கும்போதெல்லாம்
அதைப் பிடித்து எழுந்து காட்டுகிறார்.
லோ சன்னலைத் திறந்து போட்டுத் தூங்குகிறார்.
இப்போது மைனாக்கள் கேட்கின்றனவாம்,
அடுத்த கூட்டத்துக்குக் காகிதம் தயார்.

புதன்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் போனேன்.
சின்னராசு கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
வேலைப் பட்டியலில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களாம்,
வாரம் இரண்டு தடவை.

"ரொம்ப நாளா அந்தம்மா எந்திரிக்கச் சிரமப்பட்டுச்சுண்ணே,"
என்றான், திருகுகளின் இடுக்கில் துணியை நுழைத்தபடி.
"நல்ல வேளை, யாரோ கேட்டிருக்காங்க."